மூத்தாளுக்கு வைத்த புடவை

இது கட்டிவிட்ட கதை இல்லை. பாஞ்சாலி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். ஓசூர்ப் பக்கம் போனால் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவைதான் சொல்வாள். மறுபடி கேட்டால், "சலிச்சுப் போச்சு சாமி, விடுங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

நடந்தது எண்பத்தாறில். பாப்பாரப்பட்டிக்கு வெளியே, புளியந்தோப்புக்குள் ஒரு தனி வீடு. புளி வியாபாரி தீர்த்தகிரிக்கு அவள் இரண்டாந்தாரம். மூத்தவள் சாலம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தான். நடுவீட்டில் சாலம்மாள் போட்டோ மாலையோடு தொங்கியது. ஊருக்கு உண்மை தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் பாதி ஊர் அவனிடம் கூலி வாங்கியது. எவன் வாயைத் திறப்பான்?

அந்தப் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். இளையவளாக வந்தவள் வருஷத்துக்கு ஒருமுறை உள்ளறையில் தாம்பாளத்தில் புதுப்புடவை வைத்து, மூத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். பிறகுதான் அந்தப் புடவையைத் தான் உடுத்தலாம். பாஞ்சாலியும் குறை வைக்காமல் செய்தாள்.

முதல் வருஷம் கதவைத் திறந்தபோது புடவை தாம்பாளத்தில்தான் இருந்தது. மடிப்புதான் மாறியிருந்தது. கொசுவம் வைத்து, இடுப்பில் செருகி, அவிழ்த்து வைத்த கசங்கல். தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது.

அவள் பயப்படவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆறுதலாக இருந்ததாம். பொழுதெல்லாம் புளி தட்டிக் கை காந்தும். புருஷன் வாயைத் திறந்தால் வசவுதான். ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை. அக்காவாவது கூட இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள். ராஜாமணி பிறந்ததும் குழந்தையைத் தாம்பாளத்தின் முன்னால் கிடத்தி, "சாலம்மாக்கா, இதை உம் புள்ளையாட்டம் பாத்துக்க. என்னால முடியல" என்றாள்.

அதன் பிறகு அந்த உள்ளறையில் கட்டிய தூளி தானாக ஆடியது. குழந்தை அழுவதே இல்லை. வேலை முடிந்து பால் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்கும். வாயோரம் பால் காய்ந்திருக்கும்...

அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களைப்பு மனுஷியை அப்படி ஆக்கிவிடும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ராஜாமணிக்கு நாலு வயதானபோது, ஒருநாள் காலையில் பாஞ்சாலி தருமபுரிக்குக் கிளம்பினாள். அவளைப் பெற்றவளை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தீர்த்தகிரி சந்தைக்குப் போயிருந்தான். குழந்தையை எப்போதும்போல புடவை வைக்கும் அந்த உள்ளறையில் விட்டு, வெளியே தாழ் போட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

இண்டூரில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றார்கள். டீக்கடைப் பக்கம் ஒருத்தி வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி தற்செயலாகப் பார்த்தாள்.

போட்டோவில் இருந்த முகம்.

நல்ல வெயில். சுற்றிலும் ஜனம். கால்கள் தாமாகவே போய் அங்கே நின்றன.

"நீங்க... சாலம்மாக்காவா?"

"ஆமா. நீ யாரு?"

"பாப்பாரப்பட்டி தீர்த்தகிரி வூடுங்க. ரெண்டாவதா வந்தவ."

அவள் கடலை அளக்கும் படியைக் கீழே வைத்தாள். "நான் செத்துட்டேன்னு சொன்னானா?"

"மாலை போட்டிருக்குதுங்க. வருஷா வருஷம் உங்களுக்குப் புடவை வெக்கறேன்."

"வெச்சா?"

"வந்து... கட்டிட்டுப் போறீங்க."

சாலம்மாள் பாஞ்சாலியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்தாள். சூடான கை. உயிருள்ள கை.

"நான் அந்த வூட்ட வுட்டு ஓடியாந்து ஏழு வருசம் ஆச்சு. எனக்கு அங்க ரெண்டு கொழந்தை தங்கல. நீ ரெண்டாவது இல்ல புள்ள. நாந்தான் ரெண்டாவது. எனக்கு மின்னாடி ஒருத்தி இருந்தா."

"அவங்க பேரு என்னங்க?"

"அவன் சொல்ல மாட்டான். நானும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். போட்டோ இல்ல, படையல் இல்ல. பேரே இல்லாம போயிட்டா, பாவம்." சட்டென்று நிறுத்தினாள். "உனக்குக் கொழந்தை இருக்குதா?"

"ஒரு பொண்ணுங்க. வூட்ல இருக்குது."

"யாருகிட்ட வுட்டுட்டு வந்த?"

பாஞ்சாலி திரும்பி ரோட்டுக்கு ஓடினாள்.

எதிரே வந்த லாரியை மறித்து ஏறினாள். தோப்பு முனையில் இறங்கி ஓடினாள். உச்சிவெயில். காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

தாழ் போட்டபடியே இருந்தது.

உள்ளே ராஜாமணி சிரித்தாள்...

திறந்தாள்.

குழந்தை மட்டும்தான். தலையைப் படியச் சீவி, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னியிருந்தது. காலையில் பின்னாமல் விட்டுவிட்டுப் போன தலை.

"யாரு கண்ணு பின்னி வுட்டது?"

"அம்மா."

"நாந்தான கண்ணு அம்மா..."

குழந்தை அவளையே பார்த்தது.

"அவங்க பேரு என்ன?"

"குள்ளம்மா."

பாஞ்சாலி கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, குள்ளம்மா. தெரியாம வேற பேரு சொல்லிக் குடுத்துட்டேன். எம் பொண்ண எனக்கே குடுத்துரு."

தூளிக் கயிறு ஒருமுறை கிரீச்சென்றது.

அவ்வளவுதான்.

உடுத்திய புடவையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

தீர்த்தகிரி செத்த பிறகு அவனுடைய பங்காளி பச்சியப்பன் ஓசூருக்குத் தேடி வந்து விஷயத்தைக் கொட்டினார். முதல் மனைவி பேர் குள்ளம்மாள்தான். நிறைமாதம். வலி எடுத்தது ஒரு சந்தை நாளில். கத்தி ஊரைக் கூட்டுவாள் என்று, அந்த அறைக்கு வெளியே தாழ் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறான். சாயந்திரம் வந்து திறந்தபோது வயிற்றுப் பிள்ளையோடு செத்துக் கிடந்தாள். அதனால்தான் அவள் பேரையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. "எங்க அப்பங்காரங்களும் நாங்களும் சேந்து மறைச்சோம்மா. பாவம் எங்க மேலயும் இருக்குது" என்று அழுதார்.

ராஜாமணிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நன்றாகப் படித்தாள். கல்யாணம் ஆகி அவளுக்கே இரண்டு பிள்ளைகள். பாஞ்சாலியைப் பக்கத்தில் வைத்துச் சோறு போடுகிறாள். காய்ச்சல் வந்தால் கால் பிடித்துவிடுகிறாள். யாரும் குறை சொல்ல முடியாத மகள்.

ஆனால் அன்று அந்த அறையிலிருந்து தூக்கிவந்த நாள் முதல், பெற்றவளை அவள் 'சின்னம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள்.