வெறுங்காற்று அடித்த நாள்

மக்களே, போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டீர்கள். "ஏன்ப்பா, காளான் நல்லாத்தான போகுது? பொறவு ஏன் இன்னும் மில்லுக்குப் போறீய?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியைச் சொல்வேன், பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது மூத்தவளுக்கு நாலு வயது. இளையவன் தவழ்ந்துகொண்டிருந்தான். எனக்கு இப்போது இருக்கும் அதே வேலைதான், தென்காசியில் மரம் அறுக்கும் மில்லில். காலை எட்டரைக்கு வாளுக்கு முன்னால் நின்றால் ஆறு மணி வரைக்கும் நிற்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து நான் மரத்தடியைத் தள்ளுவேன், அந்தப் பக்கமிருந்து இன்னொருவர் இழுப்பார், நடுவே வாள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் ஓடும். காளான் என்னை இழுத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது சத்தமே போடாமல் வளரும்.

வேளாண்மை ஆபீசில் ஒருநாள் காளான் வளர்ப்புப் பயிற்சி வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றுதான் போனேன். அங்கே ஒரு மேடம் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வைக்கோல். அந்த வைக்கோல் முழுக்கப் பனி பெய்த மாதிரி வெள்ளை. எனக்குச் சாப்பாடு மறந்துபோனது.

இலஞ்சியில் நம் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டேன். வைக்கோலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அதை நறுக்கி, ஊறவைத்து, டிரம்மில் வேகவைத்து, சாக்கில் பரப்பிக் காயவிடுவேன். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுதான் பதம். பிறகு ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு பிடி காளான் விதை என்று பையில் அடைத்து, உறி மாதிரி கட்டித் தொங்கவிடுவேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

காலை ஐந்து மணிக்குக் கையில் தெளிப்பானோடு உள்ளே போவேன். யாரோ தூங்கும் அறைக்குள் போவது போலத்தான் போவேன். வெந்த வைக்கோலின் வாசம் நிற்கும். குற்றாலச் சீசன் சமயத்தில் ஓலை இடுக்கு வழியாகச் சாரல் புகைபோல உள்ளே வரும். மேற்கே மலை இருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்று தெரியாது. பைகள் எல்லாம் இருட்டில் வெளுத்துத் தொங்கும். அவற்றுக்கு நடுவே நிற்கும்போது நான் நிற்கிற மாதிரியே இருக்காது, மிதக்கிற மாதிரி இருக்கும்.

காளான் வளர்வதை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் குண்டூசித் தலை அளவு இருக்கும். மில்லிலிருந்து வந்து பார்த்தால் விரல் நகம் அளவு. இன்னும் இரண்டு நாள் கழித்து உள்ளங்கை விரித்தாற்போல் இருக்கும். நடுவில் நடப்பதெல்லாம் நான் வாளுக்கு முன்னால் நிற்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அதனால் மில்லில் நின்றபடியே மனதுக்குள் கொட்டகைக்குப் போய்விடுவேன். இப்போது மூன்றாவது வரிசை மொட்டு விட்டிருக்கும், இப்போது அதன் விளிம்பு விரியும் என்று.

பகலில் தண்ணீர் தெளிப்பது உங்கள் அம்மா. பீடி சுற்றும் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய்த் தெளிப்பாள். நான் மில்லிலிருந்து போன் போட்டுக் கேட்பேன். அவள் ஒருநாள் சொன்னாள்: "காளானுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேக்கீய. புள்ளைக்குப் பால் குடுத்தாச்சான்னு ஒருநா கேட்டீயளா?"

அந்த வருசம் ஆனியில் ஒரு சமையல் மாஸ்டர் தேடி வந்தார். தென்காசிப் பக்கம் பெரிய கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். கொட்டகைக்குள் குனிந்து வந்து ஒரு கொத்தை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு கல்யாணத்துக்குப் பதினஞ்சு கிலோ வேணும். பூ மாதிரி இருக்கணும். சரியா வந்துட்டுன்னா இந்த வருசம் நான் புடிச்சிருக்க அம்புட்டுக் கல்யாணத்துக்கும் உம்ம காளான்தான்."

அம்புட்டுக் கல்யாணம் என்றால் மில் வேண்டாம். எனக்கு அப்படித்தான் கேட்டது. ஐம்பது பைகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைத்துத் தொங்கவிட்டேன். முதலாளியிடம் சொல்ல வேண்டியதையும் மனப்பாடம் செய்து வைத்தேன்: "மாசக் கடைசியோட நின்னுக்கிடுதேன் மொதலாளி." வண்டி ஓட்டும்போது அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன்.

பறிக்கிற நாளன்று உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்குச் சித்தி வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கோ மில்லில் லீவு கிடையாது. மாஸ்டர் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தேன். அதுவரை யார் தண்ணீர் தெளிப்பது?

மூன்று நாளாகச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குச் சாரல் மேல் ஒரு நம்பிக்கை உண்டல்லவா. அதற்குக் குடை பிடிக்க மாட்டோம். அது வந்துவிட்டால் துணி காயப்போடும் கொடியை வீட்டுக்குள் கட்டிவிடுவோம். வந்த சாரல் எங்கே போய்விடப் போகிறது என்று இருப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருந்தேன். அதில் மேற்குப் பக்கத்துச் சாக்கை மட்டும் அவிழ்த்துவிட்டேன். சாரல் நேராக உள்ளே வந்து காளான் மேல் படிந்தது. தண்ணீர் தெளிக்க இதைவிட நல்ல கை உண்டா என்று சந்தோஷமாக மில்லுக்குப் போனேன்.

பத்தரை மணி இருக்கும். மில் தரையில் மரத்தூள் பறக்க ஆரம்பித்தது. மூன்று நாளாக ஈரத்தில் கனத்துக் கிடந்த தூள். அது எழும்பி என் முகத்தில் பட்டது. வெளியே பார்த்தேன். வெயில். காற்று மட்டும் மலைக் கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தது. சாரல் இல்லாத வெறுங்காற்று.

அதன் பிறகு நான் மில்லில் இல்லை. கை தடியைத் தள்ளிக்கொண்டிருந்தது, நான் கொட்டகையில் இருந்தேன். ஒவ்வொரு கொத்தாகக் கையால் மூடிக்கொண்டே போனேன். ஐம்பது பைக்கு இரண்டு கை எப்படிப் போதும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. எதிரே நின்று இழுப்பவன் சுவிட்சை அமர்த்தியிருந்தான். என் வயதுக்காரன், எப்போதும் கேலி பேசுகிறவன். என் கை இருந்த இடத்தைக் கண்ணால் காட்டினான். வாளுக்கும் என் பெருவிரலுக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை.

"மாப்ள, காளான் மொளைக்க சத்தம் காதுல கேக்குதோ?"

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இங்கன இல்லாதவன் கூட நான் தடி இழுக்க மாட்டேன்லே. வீட்டுக்குப் போ. வயித்து வலின்னு மொதலாளிட்ட நான் சொல்லுதேன்."

"ஒரு தடி பாக்கி கெடக்கேலே."

"தடி எங்கயும் ஓடாது. வெரலு போச்சுன்னா உம் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்ல?"

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மேற்குப் பக்கம் இருந்த காளானெல்லாம் விளிம்பு மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. தொட்டால் தோல் மாதிரி இருந்தது, சில இடங்களில் வெடித்திருந்தது. கிழக்கு மூலையில் பைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தவை மட்டும் தப்பியிருந்தன. பறித்து நிறுத்துப் பார்த்தேன். நாலு கிலோ. மாஸ்டருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"நாலு கிலோவ வச்சு மாப்பிள்ள பந்திக்கு வைக்கவா, பொண்ணு பந்திக்கு வைக்கவா அண்ணாச்சி? சரி, விடும். நான் வேற எடத்துல பாத்துக்கிடுதேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மறுபடியும் கூப்பிடுவார் என்று எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும். அவர் கூப்பிடவே இல்லை.

மறுநாள் மில்லுக்குப் போனேன். மனப்பாடம் செய்ததை முதலாளியிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். முந்தின மாதமே வேலையை விட்டிருந்தால், அந்த ஒரு பகல் காற்று நம் அடுப்பையும் சேர்த்து அணைத்திருக்கும். மில் இருக்கிறது என்பதால்தான் காலையில் கொட்டகைக்குள் பயமில்லாமல் நிற்க முடிகிறது. ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன். வாளுக்கு முன்னால் நிற்கும்போது காளானை நினைப்பதில்லை. எல்லா நாளும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். இப்போது வாங்குகிறவர்கள் குற்றாலத்துச் சாலையில் இருக்கும் இரண்டு சின்னக் கடைக்காரர்கள். காய்ந்துவிட்டது என்றால், "சரி, நாளைக்குக் கொண்டா" என்று சொல்லும் மனுசர்கள்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. மாஸ்டரிடம் பேசிப் போனை வைத்தபோது மணி மூன்று. நீங்கள் ஆலங்குளத்திலிருந்து வர ஆறாகும். வீட்டில் யாருமில்லை. குற்றாலம் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்து, ஓட்டின் மேல் சாரல் விழ ஆரம்பித்தது. சுருண்டுபோனதில் ஒரு கைப்பிடி எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவை மெதுவாக விரிந்தன. விரிவதைக் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டும் மிளகுத்தூளும் போட்டு வதக்கினேன். விற்கிற சரக்கு என்று அதுவரை ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒன்று ஒன்றாகத் தின்றேன். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.