மெக்கில் ஓடுதா, மச்சான்?

போன புதன்கிழமை ஒஃபிஸில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மொக்கத அய்யே மே?"

தில்ருக்ஷி. எங்கள் டீமில் என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்தவள், பன்னிரண்டு மடங்கு கெட்டிக்காரி. 'இது என்ன அண்ணா' என்று சிங்களத்தில் கேட்கிறாள். கேட்ட தோரணையைப் பார்த்தால், நான் ஏதோ புறாவின் காலில் கடிதம் கட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது.

உண்மையில் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் தொப்பையைத் தெரியும். என் மனைவி வதனியைத் தெரியும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளட்டின் லிஃப்ட், மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்யும் என்றுகூடத் தெரியும். ஆனால் 'பாண்' பற்றி இதுவரை நான் மூச்சு விடவில்லை. வெட்கம்தான் காரணம்.

பாண் என்பது ஒரு எடிட்டர். மீசை வைத்த எடிட்டர் இல்லை — கொம்பியூட்டரில் எழுதவும் திருத்தவும் ஒரு சின்ன புரோகிராம். டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறதே, அதற்குள் போய் 'பாண்' என்று டைப் பண்ணினால் திறக்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மேலே ஒரு கலர் கோடு. அவ்வளவுதான். படம் இல்லை. மவுஸ் வேலை செய்யாது. இதைவிட நல்ல எடிட்டர்கள் உலகத்தில் ஏராளம், எல்லாம் இலவசம்.

பிறகு ஏன் இது என்று கேட்பீர்கள். வதனியும் கேட்டவள்தான்.

கம்பஸ் காலத்தில் நானும் அன்ரனும் சேர்ந்து எழுதியது. அன்ரன் கொட்டாஞ்சேனைப் பெடியன். சனிக்கிழமைகளில் காலி வீதியில் மட்டக்குளி பஸ் எடுத்து, பாதி நித்திரை கொண்டு எழும்பினாலும் பஸ் இன்னும் மருதானையில்தான் நிற்கும், அப்படியொரு பயணம் செய்து அவன் வீட்டு மேல்மாடி அறைக்குப் போவேன். ஒரு கொம்பியூட்டர், இரண்டு கதிரை. அவன் டைப் பண்ணுவான், நான் பக்கத்தில் இருந்து பிழை பிடிப்பேன். என் பிழையை அவன் பிடிப்பான். அவனுடைய அம்மா பேக்கரிப் பாணும் பருப்பும் கொண்டுவந்து வைப்பா. பெயர் அப்படித்தான் வந்தது. நான் பருப்பு என்று வைப்போம் என்றேன். அன்ரன் சம்மதிக்கவில்லை.

மற்ற எடிட்டர்களுக்குள் போனவர்கள் வெளியே வர வழி தெரியாமல் கொம்பியூட்டரையே நிற்பாட்டிய கதைகள் உண்டு. எங்கள் பாணில் வெளியே வர ஒரே ஒரு கீ. அதில் எங்களுக்குப் பெரிய பெருமை.

ஒன்பது வருடத்துக்கு முன் அன்ரன் ரொறொன்ரோ போய்விட்டான். போய் ஒரு அப்பிள் மெக் வாங்கினான். படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "பாண் இதில ஓடாதா, மச்சான்?"

அந்த ஒரு வரிக்காக ஆறு மாதம் மாரடித்தேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மெக் — மூன்றும் கொம்பியூட்டர்தான். ஆனால் ஒரே மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள். ஒருவர் செய்வதை மற்றவர் செய்யமாட்டார். ஒரு வரி முடிந்தால் லினக்ஸ் ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போய்விடும். விண்டோஸ் இரண்டு வைக்கும் — கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கிற என் மாமனார் மாதிரி. அம்புக்குறிக் கீயை அமத்தினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சேதி சொல்லும். ஒன்றில் சரி செய்தால் மற்றதில் பிழைக்கும்.

அதுவும் என்னிடம் மெக் கிடையாது. வாங்கவும் வசதியில்லை. ஆகவே நான் இங்கே இருந்து குருட்டுத்தனமாக எழுதி அனுப்புவேன், அவன் அங்கே ஓட்டிப் பார்த்துச் சொல்லுவான்.

"அழிக்கிற கீயை அமத்தினா ஒரு எழுத்துக் கூடுது."

"கூடுதோ?"

"ஓம். அழிக்க அழிக்க வளருது. உன்ர தொப்பை மாதிரி."

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஃபோன் கோல். கீயில் தொடங்கும் கதை, அவனுடைய பனியில் போய், எங்கள் பழைய லெக்சரரில் போய், கொச்சிக்கடைத் திருவிழாவில் போய் முடியும். கடைசியில் ஒருநாள் பாண் மெக்கில் ஓடியது. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். சந்தோஷப்பட்டது முட்டாள்தனம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. எல்லாம் சரியாகிவிட்டால் பிறகு எதைக் கதைக்கிறது?

அவனுக்கு இரண்டு வேலை, ஒரு மகள், ஸ்னோ தள்ளுகிற வேலை வேறு. எனக்கு நானே ஒரு வேலை. கோல் குறைந்தது. மெயில் இரண்டு பக்கம் அரைப் பக்கமானது, அரைப் பக்கம் இரண்டு வரியானது. வட்ஸ்அப்பில் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு கேக் படம் போடுவோம். அது கதையா, சொல்லுங்கள்.

நீண்ட நாள் கதைக்காமல் விட்ட ஒருவரோடு கதைக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எவ்வளவு நாள் விட்டோமோ, அவ்வளவு பெரிய காரணம். 'சும்மாதான் எடுத்தனான்' என்று சொல்ல முடிகிற வயது எப்போதோ தாண்டிப் போய்விடுகிறது. கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவருக்கு உண்மையில் கறிவேப்பிலையா தேவை?

எனக்குக் கிடைத்த கறிவேப்பிலை இதுதான்: நாலு மாதத்துக்கு ஒருமுறை பாணின் புதுப் பதிப்பு ஒன்றை ஆக்கி, அன்ரனுக்கு மெயிலில் அனுப்புவேன். கீழே ஒரு வரி. "மெக்கில் ஓடுதா, மச்சான்?"

இரண்டு நாளில் பதில் வரும். ஒரே சொல்.

"ஓடுது."

அந்தச் சொல்லுக்காக நான் செய்த அட்டூழியங்கள் கொஞ்சமல்ல. ஒருமுறை மாற்ற ஒன்றுமே கிடைக்கவில்லை. பதிப்பு இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பினேன். வதனி அதைப் பார்த்துவிட்டாள்.

"இதில என்ன புதுசு?"

"இலக்கம்."

"அந்தாளைப் பேசாமல் கூப்பிட்டுக் கதையுங்கோவன்."

"வேலையா இருப்பான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. குடும்பங்கள் வாசிக்கிற பத்தி இது.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். அன்று எழுதிக்கொண்டிருந்ததும் அந்த மெயில்தான், இன்னும் அனுப்பவில்லை. தில்ருக்ஷி விஷயத்தை முழுதாகக் கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள், அதுதான் பயம். பிறகு என் கதிரையில் தானே உட்கார்ந்தாள். எங்கேயோ ஒரு தூர தேசத்தில் மூன்று ரகக் கொம்பியூட்டர்களும் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்குமாம். நான் ஒரு எழுத்தை மாற்றினாலும் தாமாகவே எடுத்து ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை டிக், பிழையென்றால் சிவப்புப் புள்ளடி போடுமாம். இலவசமாம். அரை மணித்தியாலத்தில் செய்து முடித்தாள்.

"இனி உங்கட ஃபிரண்டைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை, அய்யே."

ஓம் என்று தலையாட்டினேன். நன்றியும் சொன்னேன். ஒன்பது வருடமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த காரணத்தை, பிளேன்டீ ஆறுவதற்குள் இந்தப் பிள்ளை பறித்துவிட்டாள். இனி எந்த முகத்தோடு அவனிடம் 'ஓடுதா' என்று கேட்பேன்? மெஷின் சொல்லிவிடுமே.

அவளோ உற்சாகத்தில் இருந்தாள். "பழைய பதிப்புகளையும் ஓட்டிப் பார்ப்பமா?"

ஓட்டினாள். லினக்ஸ் பச்சை. விண்டோஸ் பச்சை. மெக் — புள்ளடி. புள்ளடி. புள்ளடி. கடைசி ஐந்து பதிப்பும் மெக்கில் ஓடவில்லை. ஓடாதது மட்டுமல்ல, திறக்கவே இல்லை. வெளியே வர ஒரே கீ என்று பெருமை அடித்தோமே, உள்ளேயே போக முடியாத எடிட்டருக்கு அந்த ஒரு கீயும் அதிகம்தான்.

"ஆனா இவர் ஓடுது எண்டு ரிப்ளை போட்டிருக்கிறாரே," என்றாள் தில்ருக்ஷி, மெயில்களைப் பார்த்து. பிறகு, மெதுவாக, "ஐந்துக்கும்."

பிழை என்னுடையதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாண் திறந்ததும் முதல் வேலையாக உங்கள் வீட்டைத் தேடும். அங்கேதான் உங்கள் விருப்பு வெறுப்பெல்லாம் எழுதிய ஃபைல் இருக்கும். லினக்ஸில் ஒவ்வொருவரின் வீடும் ஹோம் என்ற ஃபோல்டருக்குள். விண்டோஸுக்கென்று தனி வழி எழுதியிருந்தேன். மெக்கில் வீடு வேறு இடத்தில், வேறு பெயரில். ஐந்து பதிப்புக்கு முன், புரோகிராமை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் உட்கார்ந்து, மற்ற எல்லோருடைய வீடும் என் வீடு இருக்கிற இடத்தில்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். பாண் அங்கே போய்த் தட்டியிருக்கிறது. வீடு இல்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிவிட்டது.

ஆனால் அன்ரன்?

அவன் திறந்தே பார்க்கவில்லை. மெயிலைக் கண்டதும் ஒரு சொல்லைத் தட்டி, ஆளைக் கழற்றிவிட்டிருக்கிறான். நான் இரண்டு நாள் காத்திருந்து வாங்கிய சொல்லுக்கு அவன் செலவழித்தது மூன்று செக்கன்.

கோபத்தில் ஒன்றரைப் பக்கம் மெயில் எழுதினேன். பாணில்தான். எழுதி முடித்து வாசித்தேன். புருஷன் பெண்சாதி சண்டை மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். அழிக்கிற கீ நன்றாகவே வேலை செய்தது.

ஞாயிறு பின்னேரம் பல்கனியில் நின்று கோல் எடுத்தேன். அங்கே காலை.

"ஆருக்கு என்ன?" என்றான். ஹலோ இல்லை. நாட்டிலிருந்து கோல் வந்தால் முதல் கேள்வி அதுதானே.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. மெக்கில ஓடுதா?"

"ஓடுது. அதான் ரிப்ளை போட்டனான்தானே."

"மேல வாற கோடு என்ன கலர்?"

"...நீலம்."

"அது திறக்கவே இல்லை, அன்ரன். அஞ்சு பதிப்பா திறக்கேல்லை."

எங்கள் ஃபிளட்டுக்குக் கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரெயின் ஒன்று வந்தது.

"கோச்சி போகுது என்ன?" என்றான். "ஃபோனைக் கொஞ்சம் வெளியில நீட்டு."

கோபத்தில் இருக்கிறவன் நீட்டுவானா? நீட்டினேன். பெட்டி பெட்டியாக அது பாணந்துறைப் பக்கம் போய் முடியும்வரை இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

பிறகு அவன் சொன்னான், "மெக் செத்துப் போச்சு, மச்சான்."

"எப்ப?"

"மூண்டு வருசம். மகள் அதுக்கு மேல ஒரேஞ்ச் ஜூஸ் ஊத்திப் போட்டாள். பிறகு விண்டோஸ்தான்."

மூன்று வருடம் என்றால் ஒன்பது பதிப்பு. ஐந்துக்குப் பொய். அதற்கு முந்திய நாலுக்கு அவன் பார்க்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறான். மெஷினைவிட மோசமில்லை.

"அப்ப ஏன்டா ஓடுது எண்டு எழுதினனீ?"

"மெக் இல்லை எண்டு சொன்னா, நீ பிறகு அனுப்ப மாட்டாய்தானே."

சாதாரணமாகத்தான் சொன்னான். சேர்ச்சில் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தானாம், பின்னால் மகள் சப்பாத்தைக் காணவில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கடற்காற்று. உப்பு.

"நானும் ஒண்டு சொல்லவோ?" என்றேன்.

"சொல்லு."

"மெக்கில பாண் பாவிக்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒராள்தான். உனக்காகத்தான் அந்தப் பதிப்பே."

கணக்குப் போடுவது கேட்டது.

"அப்ப ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லை."

சிரிக்கத் தொடங்கினான். கொட்டாஞ்சேனை மேல்மாடியில் கேட்ட அதே சிரிப்பு, கீழே அம்மா "என்னடா அங்க" என்று கேட்கிற அளவு சிரிப்பு. மெக் இல்லாத ஒருவனுக்கு, பாதிக் காலம் திறக்கவே திறக்காத ஒரு எடிட்டரை, நான் மூன்று வருடமாக விழுந்து விழுந்து பராமரித்திருக்கிறேன். அவனும் அதை மூன்று வருடமாகக் கண்ணும் கருத்துமாகப் பரிசோதித்திருக்கிறான். நாற்பத்தைந்து நிமிடம் கதைத்தோம். அவர்கள் பூசைக்குப் பிந்திவிட்டார்கள். மகளின் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே இருந்தது.

திங்கட்கிழமை பிழையைத் திருத்தினேன். ஒரே வரிதான் — வீடு எங்கே என்று நீயாக முடிவு செய்யாதே, அந்தந்தக் கொம்பியூட்டரையே கேள், என்று. தில்ருக்ஷியின் மெஷின் மூன்றிலும் பச்சை டிக் போட்டது. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு லன்சுக்குப் போனாள்.

அவள் போகும்வரை காத்திருந்து, புதுப் பதிப்பை மெயிலில் இணைத்தேன். கீழே வழமையான அதே வரி: "மெக்கில் ஓடுதா, மச்சான்?"

இந்த முறை இரண்டு நாள் ஆகவில்லை. அங்கே விடியவே இல்லை, பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"ஓடேல்லை. கோல் எடு."

திரையில் மூன்று பச்சை டிக் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நான் அன்ரனைத்தான் நம்பினேன்.