பலாக் கைப்பிடி கறுத்த கதை

எங்கள் வீட்டில் எனக்கென்று உள்ளது படிக்கட்டு மட்டும்தான். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள், ஆனால் உண்மை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குப் போகும், ஆண் தன் பெட்டியோடு வந்து சேர்வான். அப்படித்தான் நான் செட்டிபாளையத்துக்கு மாப்பிள்ளையாக வந்தேன். வளவு, கிணறு, மாமரம், கீழ்வீடு எல்லாம் அவளுடைய சீதனம். வேலிக்கு அப்பால் இருக்கும் வீடு அவளுடைய தங்கையின் சீதனம். அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை செய்த காலத்தில் மிச்சம் பிடித்து நான் ஒரு மேல்மாடி எடுத்தேன். அதற்கு ஏற ஒரு படிக்கட்டு, அந்தப் படிக்கட்டுக்குப் பலா மரத்தில் ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடி மேல் எனக்கு இருந்த பற்றை மறைக்க விரும்பவில்லை. நல்ல வைரம் பாய்ந்த பலா. கடைந்த கால்கள், மேலே உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டைச் சட்டம். வார்னிஷ் அடித்த அன்று தேன் வடிவதுபோல் மஞ்சளாக நின்றது. அதற்குப் பொருந்த வேண்டும் என்று சுவருக்குச் சந்தன நிறம் பூசினேன், படிக்கு அதே சாயலில் மாபிள் பதித்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் படிக்கட்டைக் காட்டுவேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் குஞ்சு உண்மையிலேயே பொன்னிறம்.

மேல்மாடியில் வாவியைப் பார்த்த அறையில் என் மனைவி பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அவள் ஓயவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகள் பின்னேரம் வருவார்கள். சுவரில் பெரிய கரும்பலகை, கையில் சோக்கு. அவள் கணக்கு ஒன்றை எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பாள். பிள்ளைகளுக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கும். நானும் வாசலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு விளங்கியதில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. அவளுக்குக் கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவள் மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொண்டு தன் பாட்டில் இருந்தாள். இடைக்கிடை நான் பக்கத்தில் நிற்கும்போதே "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்பாள். வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்யாத என்னை நக்கலடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நானும் முறைத்துக்கொண்டு போவேன்.

ஒரு பின்னேரம் அவள் மேலேயிருந்து இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கப் போன கை வெறும் காற்றைப் பிடித்தது. நாலைந்து படி சறுக்கிக் கீழே வந்து இருந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் மேலே போகவில்லை. பிள்ளைகள் கீழே விறாந்தையில் பாய் போட்டு இருந்தார்கள். பலகை இல்லை. அவள் வாயால் கணக்குச் சொல்ல, அவர்கள் கொப்பியில் எழுத, வகுப்பு நொண்டியடித்தது. இரண்டு பிள்ளைகள் வராமலே நின்றுவிட்டார்கள்.

"பலகையக் கழட்டிக் கீழ கொண்டு வாறன். மேல்வீட்டப் பூட்டிப் போடுவம்" என்றேன். பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு.

"இண்டைக்கு மேல்வீட்டப் பூட்டுவீங்க. மறுகா கிணத்தடியப் பூட்டுவீங்க. கடைசில என்னக் கதிரையில இருத்திப் போட்டுக் கேற்றையும் பூட்டுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கின் அடுத்த வரியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டுப் படியடியில் நிற்க வைத்தாள். "கரும்பலகையில வெள்ளைச் சோக்கால எழுதினா எனக்கு வடிவாத் தெரியுது. அப்ப கண் முழுசாப் போகல்ல. மஞ்சள் சுவர், மஞ்சள் படி, மஞ்சள் கைப்பிடி. எல்லாம் ஒண்டாக் கலந்து கிடக்கு. கைப்பிடியக் கறுப்பாக்கினா எனக்குத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. "சுவருக்கு வேற நிறம் அடிப்பம்" என்றேன்.

"சுவரக் கறுப்பாக்கிப் போட்டுப் பேய் வீட்டிலயா இரிக்கிறது? கைப்பிடி போதும்."

இரண்டு நாள் நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பலாவைக் கறுப்பாக்குவதா! தங்க வளையலுக்குத் தார் பூசுவார்களா? ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் விறாந்தையில் நின்றபடி காற்றில் விரலால் முக்கோணம் கீறிக் காட்டியதைப் பார்த்தேன். பிள்ளைகள் விழித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் நாள் காத்தான்குடிக்குப் போய்க் கறுப்புக்குக் கிட்ட வரும் கடும் மண்ணிறத்தில் வூட் ஸ்டெயின் வாங்கி வந்தேன்.

மரம் சாயத்தைக் குடிக்க வேண்டுமானால் பழைய வார்னிஷ் முழுதும் போக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சாண்ட் பேப்பரால் நான் தேய்ப்பேன், பின்னால் அவள் பெருவிரலால் தடவிக்கொண்டு வருவாள். "இஞ்ச இன்னும் வழுக்குது" என்பாள். எனக்குப் பளபளப்பே தெரியாத இடமாக இருக்கும். திரும்பத் தேய்த்தால் வார்னிஷ் தூளாக வரும். கடைந்த கால்களின் பள்ளங்களை என் தடித்த விரல் எட்டவில்லை. அவள் தாளைக் கயிறுபோல் முறுக்கி அந்தப் பள்ளங்களுக்குள் விட்டு இழுத்தாள். இப்படி ஒரு வழி இருப்பது கைப்பிடியைச் செய்வித்த எனக்குத் தோன்றவே இல்லை.

சாயம் பூசும் வேலையை மட்டும் நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். அது மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதம். வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்து வயல் வட்டைகளில் நெல்லைச் சூடடித்து முடித்த நேரம். உடுப்பை உதறிப் போட்டால் கொடியில் தொங்க முன்னமே காய்ந்துவிடும். இந்தக் காற்றை விட்டால் சாயம் இப்படிக் காயுமா என்று மேல்வீட்டு யன்னல் எல்லாவற்றையும் மத்தியானத்தில் விரியத் திறந்துவிட்டுப் பூசத் தொடங்கினேன். பூசிய சாயத்தைத் துணியால் துடைத்துச் சமப்படுத்த வேண்டும். நான் துணியை எடுக்கத் திரும்புமுன் கச்சான் அதை உலர்த்திவிட்டது. ஓரிடம் கறுப்பு, ஓரிடம் சிவப்பு, ஓரிடம் பழைய மஞ்சள். அது போதாதென்று வட்டை வைக்கோல் தூசு முழுவதும் வாவியைக் கடந்து வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

வேலிக்கு அப்பாலிருந்து மச்சாள் வந்தாள். என் மனைவியின் தங்கை. என்னை வாரக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை. படியை மேலும் கீழும் பார்த்தாள். "மச்சான், இது கைப்பிடியோ புடையன் பாம்போ?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சாயம் பூச வந்த ஆள் வெள்ளைச் சட்டையோட நிக்கிறாரு. கச்சேரில கையொப்பம் போட எண்டு நினைச்சிட்டார் போல" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் வெள்ளைச் சட்டையை விட்டதில்லை. அது ஊருக்கே தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் டின்னைத் தூக்கி எறிந்திருப்பேன். அதற்குள் மனைவி வந்து கைப்பிடியைத் தடவினாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ரவை கிண்டி வச்சிரிக்கிறீங்க" என்றாள். "பரவாயில்ல, திரும்பத் தேய்ப்பம். கச்சான் விடிய எழும்பாது. யன்னலச் சாத்திப் போட்டு, வெயில் ஏற முன்னம் ஒவ்வொரு காலாச் செய்வம். நீங்க பூசுங்க, நான் பின்னால துடைக்கிறன்."

அப்படியே செய்தோம். விடியலில் வாவி அசையாமல் கிடக்கும். நான் பூசியபடி ஒரு படி ஏறுவேன், அவள் என் பழைய சாறம் கிழித்த துணியோடு பின்னால் துடைத்துக்கொண்டு வருவாள். ஈரம் எங்கே கூட, எங்கே குறைய என்று துணி இழுபடுவதிலேயே அவளுக்குத் தெரிந்தது. "மேல இன்னும் கொஞ்சம் பூசுங்க, இது குடிக்குது" என்பாள். விழுந்த அந்தப் படியிலும் நின்று துடைத்தாள். வாழ்ந்த வருடங்களில் அவளை எத்தனையோ விதமாக மெச்சியிருக்கிறேன், சமையலுக்கு, கணக்குக்கு, பொறுமைக்கு. அந்த விடியல்களில்தான் அவளுடைய தைரியத்தைக் கண்டேன். இருட்டு வருகிறது என்று தெரிந்தும், அதில் ஒரு கிண்ணம் அள்ளித் தன் தேவைக்குப் பூசிக்கொள்கிறாளே, இவளைப்போல் எனக்கு வருமா? வராது.

கடைசிப் பூச்சும் காய்ந்தது. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கைப்பிடி முன்னையிலும் அழகாக இருந்தது. மஞ்சளில் தெரியாமல் கிடந்த பலாவின் ரேகையெல்லாம் கடும் நிறத்துக்குள் ஓடித் தெரிந்தது. சந்தனச் சுவரில் கரிக்கோடு கீறியதுபோல் அது கீழிருந்து மேலே போனது.

அன்று பின்னேரம் பிள்ளைகளை முதலில் ஏறச் சொன்னாள். நான் முன்னதாகவே மேலே போய், கடைசிப் படிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒதுங்கி நின்றேன், விழுந்தால் பிடிக்க. அவள் கீழே ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கை நேரே கைப்பிடியில் போய் இருந்தது. தயங்காமல் ஏறினாள். விழுந்த படியைக் கடந்தாள். மேலே வந்து மூச்சு விட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கியது.

என்னைக் கடந்து இரண்டடி போனவள் திரும்பிப் படியின் அடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இஞ்ச பாருங்க, ஏறிட்டன்! கேக்குதா? எங்க நிக்கிறீங்க?"

நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன்.

"இஞ்சதான் நிக்கிறன்" என்றேன். குரல் வந்த பக்கம் திரும்பினாள். கையை நீட்டி என் நெஞ்சைத் தொட்டாள், சட்டைத் துணியை விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தச் சட்டையால சுவரோட சுவராப் போறீங்க" என்றாள். "எத்தின நாளா உங்களத் தேடுறன்." பிறகு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டாள். சோக்கு பலகையில் உரசும் சத்தம் கேட்டது.

நான் கீழே வந்து அலுமாரியைத் திறந்தேன். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடும் நீலச் சட்டை ஒன்று கிடந்தது. கிழவனுக்கு என்ன மைனர் வேஷம் என்று மடிப்புக்கூடக் கலைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு வந்து படியடியில் நின்றேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் தடதடவென்று இறங்கிப் போனார்கள். அவள் கடைசியாக வந்தாள். மேல்படியில், கறுத்த கைப்பிடியில் கை வைத்தபடி கீழே பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆ," என்றாள், "அந்தா நிக்கிறீங்க."