கிரில் இல்லாத கடை

அடையாறில் புதிதாகக் கட்டியிருக்கும் மாலில் ஒரு மதுக்கடை வருகிறது, அதன் உள்அலங்காரத்தை நீதான் செய்ய வேண்டும் என்று எங்கள் மேடம் சொன்னபோது என் கை தானாகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தியாகராய நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் புடவைக் கடை, நகைக் கடை, பல் ஆஸ்பத்திரி, பேக்கரி எல்லாம் வரைந்திருக்கிறேன். மதுக்கடை வரைந்ததில்லை.

“நம்ம ஊர் ஒயின்ஷாப் மாதிரி இருக்கவே கூடாது,” என்றார் மேடம். “ஒரு பொம்பளை தனியா வந்து, நிதானமா நின்னு, பிடிச்ச ஒயினைப் பார்த்து எடுத்துட்டுப் போகணும். வெளியில நடந்து போறவங்களுக்கு உள்ள வரணும்னு தோணணும். அதுக்குத்தான் உன்கிட்ட குடுக்கிறேன்.”

மேடத்துக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. என் கணவர் குடியை விட்டு அப்போது நான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். விடுவதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. கதவில் சாவி நுழையும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன், அது போதும்.

அன்று சாப்பிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம், சொல்வதைவிடப் பெரிதாக இருந்தது. அவர் வஞ்சிர மீனில் முள் எடுத்துக்கொண்டே, “செய்யேன். நீ செய்யலைன்னா வேற யாராவது செய்வாங்க. கடை வரத்தானே போகுது?” என்றார். சிரிக்கவும் செய்தார். ஆனால் ரசம் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். ரசம் இல்லாமல் அவர் கை கழுவி நான் பார்த்ததில்லை.

அவருடைய அக்கா மந்தைவெளியில் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும் போன் செய்தார். “ஊர்ல உனக்கு வேற கடையே கிடைக்கலையா? அவன் எப்படி மீண்டு வந்தான்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணி,” என்றேன்.

எப்படி இருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள, ஒரு மதியம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் இருந்த கடைக்குப் போனேன். கம்பி கிரில், அதில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை. ரூபாய் உள்ளே போனது, பாட்டில் வெளியே வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் திரும்பி, கனிவாகவே கேட்டார்: “இன்னாம்மா, வூட்டுக்காரரைத் தேடிக்கினு வந்தியா?”

தேடிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. இல்லை என்று தலையாட்டிவிட்டு, ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் புகுந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு வேலை என்னவோ நன்றாகத்தான் வந்தது, அதுவே என்னைப் பயமுறுத்தியது. கிரில் கிடையாது. கண் உயரத்துக்கு மேல் எந்தத் தட்டும் கிடையாது. தக்கை காயாமல் இருக்க ஒயின் பாட்டில்களைப் படுக்கவைக்கும் சாய்வான மரத்தட்டுகள். நடுவில் ஒரு வட்ட மேசை, பாட்டிலை வைத்து லேபிளை நிதானமாகப் படிக்க. சாயங்கால வெயில் மாதிரி மஞ்சள் விளக்கு. வாசலில் பனி படர்ந்தது போன்ற மங்கலான கண்ணாடி. ஒவ்வொன்றையும் வரையும்போது, ‘வா’ என்று இது யாரைக் கூப்பிடும் என்று யோசனை வரும். பென்சில் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டு வந்து வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தேன். அவர் காபியோடு வந்து பின்னால் நின்றார்.

“இந்தக் கண்ணாடி ஏன் மங்கலா இருக்கு?”

“வெளியில போறவங்களுக்கு உள்ள யாருன்னு தெரியக் கூடாதுன்னு.”

கையிலிருந்த காபி டம்ளரை வரைபடத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு, “நல்ல யோசனைதான்,” என்றார். “கிரில் முன்னாடி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறப்போ, பின்னாடி என் கிளாஸ் பையன் யாரோட அப்பா நிக்கிறாரோன்னு உதறும். அந்தக் கூச்சத்துலயே எத்தனையோ நாள் வாங்காம திரும்பி வந்திருக்கேன். நீ அதை எடுத்துட்டே.”

குறை சொல்லும் குரல் இல்லை அது. கரும்பலகையில் ஒரு கணக்கின் அடுத்த வரியைச் சொல்வது போலத்தான் சொன்னார். மறுநாள் மேடத்திடம், தெளிவான கண்ணாடியே போட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “அப்புறம் எந்தப் பொம்பளை உள்ள வருவா?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். மங்கல் கண்ணாடியே நின்றது.

அந்த மாதங்களில் என் மூக்கு சும்மா இருக்கவில்லை. என் கணவர் குளித்துவிட்டு வந்தால் சோப்பு வாசனைக்கு அடியில் வேறு வாசனை இருக்கிறதா என்று தேடும். பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திருவான்மியூர் பஸ் நிலையம் வரை போய் நிற்பேன். அவர் இறங்குவதைப் பார்த்ததும், காய்கறி வாங்க வந்தது போலப் பையை ஆட்டுவேன்.

வேலை முடியும் தறுவாயில், கடையை வந்து பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன்.

“நீ செஞ்ச எல்லாக் கடையையும் நான் வந்து பார்த்திருக்கேன். பல் ஆஸ்பத்திரியைக்கூட விடலை. இதை மட்டும் பார்க்கலைன்னா, என்னை நீ நம்பலைன்னு ஆயிடும்.”

சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சனிக்கிழமை மதியம், தட்டுகள் வெறுமையாக இருக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே லாரி வந்துவிட்டது. பெட்டிகள் இறங்கின, பாட்டில்கள் தட்டுகளில் ஏறின. ‘வராதீங்க, சரக்கு வந்துடுச்சு’ என்று செய்தி அனுப்பினேன். வகுப்பில் இருந்தவர் அதைப் பார்க்கவில்லை. எலக்ட்ரீசியன் எல்லா விளக்குகளையும் ஒன்றாகப் போட்டுச் சோதித்த நேரத்தில் அவர் தோளில் பையோடு வாசலில் நின்றார்.

சிவப்பும் தேன் நிறமுமாகச் சுவர் நெடுகப் பாட்டில்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. என் வேலைகளிலேயே இவ்வளவு அழகாக எதுவும் அமைந்ததில்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்தது.

பரீட்சை அறையில் நடப்பது போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஒரு சுற்று வந்தார். “அழகா இருக்கு,” என்றார். மறுபடியும், “ரொம்ப அழகா இருக்கு.” சரக்கைச் சரிபார்க்க வந்திருந்தவர் இவர் யாரென்று தெரியாமல், “இதைப் பாருங்க சார், புதுசு,” என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, லேபிளைப் படித்து, தட்டில் வைத்தார். வைத்த பிறகும் கட்டைவிரல் கண்ணாடியை விட்டு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, பின்னறையில் ஏசி ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பினால் அவர் இல்லை.

“சார் கெளம்பிட்டாரே மேடம்,” என்றார் எலக்ட்ரீசியன். “இப்பதான் படி எறங்கிப் போய்க்கினு இருந்தாரு. மூஞ்சே சரியில்ல. ஒடம்புக்கு இன்னா?”

நான் முதலில் தட்டைத்தான் பார்த்தேன். அந்தப் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதனால் நிம்மதி வந்துவிடவில்லை. ஊரில் வேறு கடைகளா இல்லை? போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. அதே ஆட்டோவில், அவர் முன்பு போகும் கடைகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி முகங்களைப் பார்த்துக்கொண்டே சாந்தோம் வந்தேன். பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. பக்கத்து மாதா கோவிலுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்ய நாலைந்து பேர் முழங்காலில் இருந்தார்கள், அவர் இல்லை. கோவிலுக்குப் பின்னால் கடற்கரைக்கு இறங்கினேன். படகுகளின் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அலையைப் பார்த்தபோது, அதுவரை நினைத்துப் பார்க்காத வேறொரு பயம் வந்தது. மாதாவே, குடித்திருந்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அண்ணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியும். என்ன சொல்வாரோ என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மணலில் நிற்கும்போது அவரே கூப்பிட்டார்.

“இங்கதான் இருக்கான். அழாதே. தூங்குறான்.”

மந்தைவெளி வீட்டில் ஃபேனுக்கு அடியில், வெறும் தரையில், பள்ளிக்குப் போட்டுப் போன சட்டையோடு படுத்திருந்தார். அண்ணி மெதுவான குரலில் சொன்னார்: “வந்ததும் பர்சு, போன், செருப்பு எல்லாத்தையும் என் கையில குடுத்தான். ‘அக்கா, பீரோவுல வெச்சுப் பூட்டு. நானே கேட்டாலும் தராதே’ன்னான். பழைய சிநேகிதக்காரனுங்க கூப்பிட்டா எடுத்துடுவேன்னு போனை அவனே அணைச்சுட்டான். உடம்பெல்லாம் நடுங்கிச்சு. ரெண்டு டம்ளர் மோர் குடிச்சுட்டுப் படுத்தவன்தான்.”

நான் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்தேன். நிமிர்ந்தபோது அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் மோந்து பார்த்துட்டேன்,” என்றார். “ஒண்ணுமில்ல.”

பொழுது சாயும்போது அவர் விழித்தார். “பயந்துட்டியா?”

“ஆமாங்க.”

“நானும்தான். அந்த இடத்துல, ‘நீ ஏன் இங்க வந்தே’ன்னு என்னை யாருமே கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. உன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பணும்னு நின்னா, இன்னும் கொஞ்ச நேரம் அங்க நிக்கணும். அதான் ஓடி வந்துட்டேன்.”

கடை திறந்தது. பெண்கள் வருகிறார்கள், யாரும் அவர்களை முறைப்பதில்லை என்று மேடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதை எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை. அதே மாதிரி இன்னொரு வேலை வந்தபோது, என் வீட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு பேக்கரி வேலைக்கான ஃபைலை என் பக்கம் நகர்த்தினார்.

சில வாரங்கள் கழித்து, என் கணவர் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையைத் துழாவினேன், சட்டையை மோந்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“நம்ம பஸ் அந்த மால் வழியாத்தான் போகுது,” என்றார் அவர். “சிக்னல்ல நின்னா அந்தக் கடை போர்டு தெரியுது. அதான் பெசன்ட் நகர் போய், அங்கேர்ந்து வேற பஸ் மாறிக்கிறேன்.”

“தினமும் ரெண்டு பஸ்ஸா?”

“உட்கார இடம் கிடைக்குது. மழைக்காலத்துலதான் கஷ்டம்.” இன்னொரு இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டார். “சட்னி இருக்கா?”