பின்னுக்குப் போகாத மாப்பிள்ளைக் கார்

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவுக்கு வந்த ஆட்டுக்கல்லோடு எங்கள் கட்டடத்து லிப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனதே, அதற்கு அடுத்த கோடையில்தான் மாமியின் கலியாணம். மாமி என்றால் அப்பாவின் தங்கை. ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில் எங்களோடுதான் இருந்தார். எனக்குப் பத்து வயது. லிப்ட் திருத்த வந்த நோர்வேக்காரர் ஆட்டுக்கல்லைத் தடவிப் பார்த்து, இது என்ன இயந்திரம் என்று கேட்டது வேறு கதை.

அப்போது ஒஸ்லோவில் தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை வீட்டிலும் சித்தப்பா சொல்லிவைத்திருந்தார், மாப்பிள்ளையை அமெரிக்கக் காரில் கொண்டுவந்து இறக்குவேன் என்று. கார் திருத்துகிற ஒரு கராச்சில் அவருக்குக் கழுவுகிற வேலை. அந்த அமெரிக்கக் கார் கராச் முதலாளிக் கிழவருடையது. கடும் பச்சை. இரண்டே கதவு. அப்படி இன்னொன்று நோர்வேயில் ஓடி நான் கண்டதில்லை. எட்டுச் சிலிண்டர். காற்றுப் பிடிக்கிற மூக்கு ஒன்று எஞ்சின் மூடியை, அதுதான் பொனற்றை, துளைத்துக்கொண்டு மேலே நிற்கும். அது எஞ்சினோடு பூட்டியது, ஆகவே கார் அசையாமல் நின்றாலும் மூக்கு மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றருக்கு நாலு வாய். மெதுவாக மிதித்தால் இரண்டு திறக்கும். அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறந்து, சத்தம் அடிவயிற்றில் வந்து நிற்கும். இதெல்லாம் பிற்காலத்தில் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, முன்சீற்றில் நான் இருக்கிறேன் என்பது மட்டும்தான்.

முதலாளி காரைத் தெருவுக்கே கொண்டுவந்து தந்ததால் மாப்பிள்ளை இருந்த புருசெத் வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் ஒரு சுவரைப் பார்க்கச் சித்தப்பா எடுப்பாகக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்சீற்றை மடித்து, தலைப்பாகையோடு குனிந்து, மாப்பிள்ளை பின்சீற்றுக்குள் போய்ச் சேரவே வெகுநேரம் எடுத்தது. அவருடைய பெரியப்பாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது.

சித்தப்பா கியர்த் தடியைத் தள்ளிப் பின்கியர் போட்டார். கார் முன்னுக்குப் பாய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் முன்னுக்கு. சுவருக்கு இன்னும் ஒரு சாண்தான். சித்தப்பாவின் பிடரியில் வேர்வை ஓடியது.

“என்ன தம்பி, கார் வரமாட்டன் எண்டுதோ?” என்றார் பெரியப்பா.

“சீச்சீ. நான்தான் யோசிக்கிறன் ஐயா. மாப்பிள்ளை ஏறின கார் பின்னுக்குப் போறது சரியில்லையெல்லே?”

பெரியப்பா கொஞ்சம் தடுமாறினார். தெரியாது என்று சொல்ல அவருக்கும் மனமில்லை. “ஓமோம், கூடாதுதான். எங்கடை பக்கத்திலையும் அப்பிடித்தான்.”

எல்லோரும் இறங்கினோம். வெறுங்கார் பின்னுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மேல்மாடியிலிருந்து ஒரு நோர்வேக்காரி எட்டிப் பார்த்து, பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, இது எங்கள் சமயம் என்று சித்தப்பா அவளுடைய பாஷையிலேயே சொன்னார்.

ஸ்டோவ்னரில் அடுத்த சோதனை. வந்த வேகத்தில் சித்தப்பா கலியாண மண்டபத்து வாசலைத் தாண்டிவிட்டார். ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் சிரித்தபடியே எங்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள். பத்தடி பின்னுக்கு வந்தால் போதும், ஆனால் வரக்கூடாதே. ஸ்டோவ்னரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம். பெரியப்பா மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தேவாரம் முணுமுணுத்தார். வாசலில் போய் இறங்கும்போது மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்க நின்றவனைப் பார்த்து ஐயர் கத்திக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறியது. சித்தப்பா அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. இறங்கச் சொன்னால் இறங்கினார், ஏறச் சொன்னால் ஏறினார். தலைப்பாகை கூரையில் இடித்துச் சரிந்ததுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மாமி பாவம், இப்படியொரு பயந்தாங்கொள்ளிக்கா கழுத்தை நீட்டுகிறார் என்று எனக்கு ஒரே கவலை. பாயாசத்தைக்கூட ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வளர்ந்தபிறகும் எனக்குப் படிப்பு ஏறவில்லை. நானும் கராச்சுக்குத்தான் போனேன். அங்கே ஒருநாள் அதே மாதிரிக் கியர்த் தடி கைக்கு வந்தது. குமிழுக்குக் கீழே சின்னக் குறுக்குப்பிடி ஒன்று. அதை இரண்டு விரலால் மேலே தூக்கிக்கொண்டு தள்ளினால்தான் பின்கியர் விழும். தூக்காவிட்டால் ஒன்றாம் கியர்தான். ஓட்டத்தில் தவறிப் பின்கியர் விழக்கூடாது என்று வைத்த பூட்டு அது. வேலை முடிந்த கையோடு மாமாவிடம், அதுதான் அந்த மாப்பிள்ளையிடம், ஓடிப்போய்ச் சொன்னேன்.

“தெரியுமடா,” என்றார். “நான் கப்பலிலை வேலைக்கு நிக்கேக்கை எங்கடை எஞ்சினியர் அப்பிடியொரு கார் வைச்சிருந்தவர். அண்டைக்குப் பின்னாலையிருந்து அந்தப் பிடியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“உன்ரை சித்தப்பனெல்லோ கார் ஓடினவன்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதினார்.

பெரியப்பா பக்கத்தில் இருக்க, மாப்பிள்ளை கையை நீட்டி அந்தப் பிடியைக் காட்டியிருந்தால், சித்தப்பா இன்றைக்கும் ஒஸ்லோவில் கியர் தெரியாதவர் என்ற பேரோடுதான் இருந்திருப்பார்.

நான் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டேன். இன்னமும் ஒஸ்லோவில் சில தமிழ் வீடுகளில், மாப்பிள்ளை ஏறிவிட்டால் காரைப் பின்னுக்கு எடுக்கமாட்டார்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் ஊர் வழக்கம் என்கிறார்கள். உங்களிடம் யாராவது கேட்டால் அப்படிச் சொல்லாதீர்கள். விஷயம் தெரிந்த ஒரு மனிதர் பேசாமல் இருந்தார், அதனால் வந்தது என்று சொல்லுங்கள். பத்து வயதில் அதை நான் பயம் என்று நினைத்திருந்தேன். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.