சத்தம் வராத வைத்தியம்

துக்குமான் நகரத்தில் கிரிசெல்டா கிரோகாவின் கிளினிக்கில் பதினொரு வருஷமாக முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். எலும்பையும் தசையையும் வெறுங்கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதிதான் அவள் தொழில். பெரியவர்களுக்குக் கழுத்தைத் திருப்பி ‘டக்’கென்று சொடுக்கு எடுப்பாள். ஓரிடத்தில் நிற்காத, கவனம் தங்காத பிள்ளைகள் வந்தால் சொடுக்கே கிடையாது. தலைக்கடியில் கைகளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருப்பாள். “உடம்பு கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திராதீங்க” என்பாள். இப்படிச் சொன்னால் எவள் திரும்பி வருவாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஏழு வயசு நஹியாரா நான் மாத்தே டீ குடிக்கும் குடுவையை மூன்று முறை உடைத்தவள். அவள் அம்மா யானினாவுக்கு ஒரே குறை.

“ஏன்க்கா, இவ்வளவு நாளா வர்றோம், ஒரு சத்தமும் வரலையே?”

எங்கள் ஊரில் பிள்ளைக்கு வயிறு மந்தமானால் குப்புறப் போட்டு முதுகுத் தோலைப் பிடித்து இழுப்போம். ‘டக்’கென்று சத்தம் வந்தால்தான் குணம். என் பிள்ளைகளுக்கு நானும் இழுத்திருக்கிறேன்.

“சத்தம் வேணும்னா உன் வீட்டுக்காரரைக் கேளு,” என்றேன் சிரித்துக்கொண்டே. “போன வாரம் இங்க அவர் கழுத்துல எடுத்த சொடுக்குச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு!”

அடுத்த வியாழக்கிழமை நஹியாரா மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். யானினாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா! நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான்.”

“அதிசயந்தான்டி” என்றேன் நான்.

உள்ளேயிருந்து வந்த கிரிசெல்டாவின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையின் தலை ஒருபக்கம் சாய்ந்து, தாடை மறுபக்கம் திரும்பியிருந்தது. கிரிசெல்டா அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு விரல்களை நீட்டினாள்.

“இறுக்கிப் பிடி, கண்ணு.”

வலது கை பிடித்தது. இடது கை பிடிக்கவில்லை.

“யாரு கழுத்தைத் தொட்டது?”

“அவங்கப்பாதான்... நீங்க அவருக்குப் பண்ணின மாதிரியே திருப்பினாரு. டக்குன்னு வந்துச்சு. அப்புறம்தான் அடங்குனா.”

“ஆம்புலன்ஸ்!” கிரிசெல்டா கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளையின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். இனி ஒரு சின்ன அசைவுகூட உயிருக்கு ஆபத்து. நாற்பது நிமிஷம் அந்தக் கைகள் அசையவில்லை. நான் போனில் முகவரியை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். “அசையாத தங்கம், அசையாத” என்று கிரிசெல்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளையிடம் எத்தனையோ பேர் சொன்னதுதான். அன்றைக்குத்தான் கேட்டாள்.

கழுத்தின் உச்சியிலுள்ள எலும்பு விலகி நரம்பை அழுத்தியிருந்ததாம். இடது கை மறுபடி வேலை செய்யுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. என் கேலியைப் பற்றி யானினாவும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒன்பது நாள் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பத்தாம் நாள் நானும் கிரிசெல்டாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் நர்ஸ் பொரிந்து தள்ளினாள்.

“இந்தக் குட்டி ஒரு நிமிஷம் சும்மா கெடக்குதா? கழுத்துல பட்டையோட என் பேனாவைப் பிடுங்கிட்டா!”

“எந்தக் கையால?” என்று கேட்டாள் கிரிசெல்டா.

“இடது கையால. ஏன்?”

கிரிசெல்டா பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அவள் அழுது முடித்ததும், நான் சொன்ன கேலியை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

“இனிமே முன்மேசையிலேர்ந்து யாருக்கும் வைத்தியம் சொல்லாத.”