மாறாத சர்வரில் புது வெர்ஷன்

சர்வர் பராமரிப்பு என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை "இவளுக்கு என்ன வேலை?" என்றும், ஒருநாள் நின்றுவிட்டால் "இவ்வளவு நாள் என்ன வேலை பார்த்தாள்?" என்றும் கேட்கப்படுகிற தொழில். இதே பாடு படுகிறவர்கள் உங்களில் எத்தனை பேரோ, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் நானும் செல்வினும் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருக்கிறோம். நாங்கள் போட்டுக் கொடுப்பது நீண்டகால ஆதரவு உள்ள லினக்ஸ். அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மற்றபடி வருஷக்கணக்கில் மாற்றமே இருக்காது. அதன்மேல் ஒரு விர்ச்சுவல் மென்பொருள். அது ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டரை ஓட்டும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கும். அடித்தளம் மாறாது என்றால் மேலே உள்ள மென்பொருளும் பழசாகவே கிடக்கும் அல்லவா? இப்போது லினக்ஸைத் தொடாமல் அதை மட்டும் புதிதாக்க வழி வந்துவிட்டது. அந்தப் புது வெர்ஷனைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த கதைதான் இது.

எந்தக் கட்சி?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி நடத்துகிறார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. முதல்முறை போனபோது, "இதைப் போட்டா பத்து வருஷத்துக்கு ஒண்ணும் மாறாது அண்ணாச்சி" என்று அடித்துச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். இப்போது அவர் புது சர்வர் வாங்கிவிட்டார். அதன் முழு வேகத்தையும் பழைய மென்பொருளுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை. அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் மோர் வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். "ஏலே கணேசா, அன்னைக்கு இந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"மாறாதுன்னு சொன்னாவ, அண்ணாச்சி."

"இன்னைக்கு?"

"மாத்தணும்ங்காவ."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மாறாதுன்னு சொல்லி அன்னைக்கு ஓட்டு வாங்குனிய. மாத்தணும்னு இன்னைக்கு வந்து நிக்கிய. நீங்க எந்தக் கட்சிம்மா?"

நாலு பொட்டு

கடைசியில் ஒத்துக்கொண்டார். புது வெர்ஷன் போட்டு, எல்லாம் நன்றாக ஓடியது, ஆயுத பூஜை வரை. பூஜைக்கு மறுநாள் கணேசன் போன் செய்தார். சர்வர் கீச்சுக்கீச்சென்று கத்துகிறதாம், தொட்டால் சுடுகிறதாம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கத்தில், காற்று உள்ளே போகும் சல்லடையின்மேல், தோசை மாதிரி நாலு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் வேறு. பழைய பல்துலக்கி ஒன்று வாங்கி, ஒரு மணி நேரம் சுரண்டினேன். "ஒரு பொட்டு போதாதா அண்ணாச்சி, மூச்சு விட வழியில்லாம அடைச்சுட்டியளே!" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அவருக்கு என்மேல்தான் வருத்தம். "உள்ள நாலு கம்ப்யூட்டர் இருக்குன்னு நீங்கதானம்மா சொன்னிய? ஒண்ணுக்கு வச்சிட்டு மூணை விட்டா, அதுக கோவிச்சுக்கிடாதா?"

வள்ளம் மாறுதல்

மீன்பிடி வள்ளங்கள் வந்து சேரும் புன்னக்காயலில் லூர்து அண்ணனுக்கு ஒரு ஐஸ் பிளான்ட். குளிர் அறைகளின் வெப்பநிலையைக் கவனிக்கிற மென்பொருளை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக்கூடாது என்பது அவர் கட்டளை. நிறுத்தாமலே செய்யலாம் என்றேன். பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருப்பதை, ஓட்டத்திலேயே புது வெர்ஷன் போட்ட பெட்டிக்கு மாற்றிவிடலாம். ஒரே ஒரு விஷயம்: புதுசுக்குப் போனபின் பழசுக்குத் திரும்ப முடியாது.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். திரையில் சதவீதம் பைய ஏறியது. நூறைத் தொட்டது. வெப்பநிலை எண் ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை. பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓடுத வள்ளத்துலேந்து ஓடுத வள்ளத்துக்குத் தாவுறதை நாங்க தெனம் செய்யுதோம்" என்றார் அவர். "ஆனா திரும்பி வர முடியாதுங்கியளே, அப்படி ஒரு வள்ளத்துல எவன் ஏறுவான்?"

விலாசம்

இது ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அங்கே கண்காணிப்பாளர் எஸ்தர் அக்கா. ஹால் டிக்கெட் அச்சடிக்கிற புரோகிராம் அரதப்பழசு. எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. அது பழைய சிஸ்டம் ஒன்றில்தான் ஓடும். அந்த சிஸ்டத்தை ஒரு விர்ச்சுவல் கம்ப்யூட்டரில் அடைத்துக் காப்பாற்றி வந்தோம். திங்கட்கிழமை காலை மாணவர்கள் ஹால் டிக்கெட் வாங்க வருவார்கள். நான் சனிக்கிழமை மதியம் புது வெர்ஷனைப் போட்டேன். மூன்று கம்ப்யூட்டர்கள் எழுந்தன. நாலாவது எழவில்லை. எதுவென்று சொல்ல வேண்டுமா?

புது வெர்ஷனோடு வந்த அறிவிப்பைச் செல்வின் புரட்டினான். "யக்கா, ரொம்பப் பழைய மாடல் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிறதைப் புது வெர்ஷன்ல எடுத்துட்டாங்களாம். ஆறாவது பக்கத்துல போட்டிருக்கான். நாம ரெண்டாவதோட மூடிட்டோம்." நகல் இருந்தது. ஆனால் அதை ஓட்டுகிற பழைய வெர்ஷனை நானே கழற்றி எறிந்திருந்தேன். எஸ்தர் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணை மூடி ஜெபித்தார். எனக்காகவா, சர்வருக்காகவா தெரியாது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த விர்ச்சுவல் கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்பில் மாடல் பெயரைக் கொஞ்சம் புதியதாக மாற்றி, திரும்ப ஓட்டினேன். எழும்போதே விழுந்துவிட்டது: நீலத்திரை. இன்னொரு மாடல். மறுபடியும் நீலத்திரை. மூன்றாவது மாடலுக்குப் பழைய சிஸ்டம் முனகிக்கொண்டே எழுந்தது. எழுந்ததும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது: 'வேறு கம்ப்யூட்டருக்கு மாறியிருப்பதாகத் தெரிகிறது. மூன்று நாளுக்குள் உரிமத்தை உறுதி செய்யவும்.' அதை நான் இரண்டாவது தடவை படித்தேன். அதற்குள் செல்வின் பிரிண்டரை ஓட்ட, முதல் ஹால் டிக்கெட் வெளியே வந்துவிட்டது. எஸ்தர் அக்கா அதை எடுத்து, பெயரும் போட்டோவும் சரியா என்று பார்த்து, என் முதுகில் தட்டினார். "வீடு மாறுனா ரேஷன் கார்டுல விலாசம் மாத்தச் சொல்லத்தானட்டி செய்வான்? மூணு நாளு தந்திருக்காம்லா, நல்ல மனுசன்தான்."

மொத்தத்தில், எதுவும் மாறவில்லை என்று நாலு பேர் நிம்மதியாகச் சொல்வதற்காக, எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எங்கள் பிழைப்பு.